விளைபொருள் இல்லாத ஊர் உலகச் சந்தையானது எவ்வாறு?

ஆறாம் வகுப்பில் சிங்கப்பூரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, அங்கே ரப்பரும் இல்லை, ஈயமும் இல்லை. தண்ணீர்கூட நம் ஜோகூரிலிருந்து போகிறது. பிறகு ஏன் என் அப்பா வேலைக்கு அங்கே போகிறார்?" என்று கேட்டான். சிறுவனின் வினாவாயினும் பெரியோரும் சிந்திக்கத் தக்கது. அதற்குரிய விடையை ஈண்டு ஆராய்வோம்.

"நல்ல இடத்தில் அமைந்தது, ஆகவே வளர்ந்தது" என்பர் பலர். இது பாதி உண்மையே. மலாக்காவும் அதே நீரிணையின் கரையில்தான் உள்ளது. 15ஆம் நூற்றாண்டில் கீழ்த்திசை வாணிகத்தின் நடுவிடமாக விளங்கிய அந்நகர், பின்னர் அப்பெருமையை இழந்தது. இடம் மட்டும் போதாது. அவ்விடத்தைப் பயன்கொள்ளும் ஆட்சியும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

1819இல் ராபிள்ஸ் சிங்கப்பூரில் வணிகக் களம் அமைத்தபோது அதனைச் சுங்கவரி இல்லாத துறைமுகமாக்கினார். பல நாட்டுக் கப்பல்களும் அங்கே கூடின. பிற்காலத்தில் மலாயாவின் ஈயமும் ரப்பரும் அவ்வழியே மேனாடுகளுக்குச் சென்றன. நம் முன்னோர் தோட்டங்களில் வெட்டிய பாலும் அவற்றுள் அடங்கும். ஆனால், வந்த சரக்கை வாங்கி அனுப்பும் தொழில் பெருகிவரும் மக்கள் அனைவர்க்கும் வேலை தரவில்லை.

1959இல் தன்னாட்சி பெற்ற அரசு இக்குறையை உணர்ந்தது. டச்சுப் பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் வின்செமியஸ் தலைமையில் ஐக்கிய நாட்டுக் குழு வந்து ஆராய்ந்தது. 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. நிதி அமைச்சர் கோ கெங் சுவீ ஜூரோங் சதுப்பு நிலத்தைத் திருத்தித் தொழிற்பேட்டை அமைக்க முற்பட்டார். ஆலைகள் வரத் தயங்கிய நாளில் அதனை "கோவின் பேதைமை" என்று எள்ளியவர்களும் உண்டு.

1965 ஆகஸ்டு 9இல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது, பொதுச் சந்தை பற்றிய நம்பிக்கையும் மறைந்தது. 1968 ஜனவரியில், 1971க்குள் தன் படைகளை மீட்டுக்கொள்ளப் போவதாகப் பிரிட்டன் அறிவித்தது. அப்படைத் தளங்களோ நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தந்துவந்தன. இந்நெருக்கடியில் அரசு செய்தது யாது?

ஒன்றை முதலில் அறிதல் வேண்டும். இக்காலத்தில் ஒரு பொருள் ஓரூரில் மட்டும் உருவாவதில்லை. ஒரு நாட்டில் வரையப்பட்டு, மற்றொரு நாட்டில் உறுப்புகள் செய்யப்பட்டு, வேறொரு நாட்டில் பூட்டப்பட்டு, எங்கோ விற்பனையாகிறது. மீன்வலையின் இழைகள் போல இத்தொடர்பு உலகெங்கும் பரந்துள்ளது. அவ்வலையில் ஒரு முடிச்சாக அமைவதே சிங்கப்பூரின் நோக்கமாயிற்று.

அதற்கு மூன்று வழிகளைக் கையாண்டது. முதலாவது, அழைத்தல். 1967ஆம் ஆண்டுச் சட்டம், ஏற்றுமதிக்கெனப் பொருள் செய்யும் அங்கீகாரம் பெற்ற ஆலைகளின் இலாபத்தின் மீது 40 விழுக்காடாக இருந்த வரியை 4 விழுக்காடாகக் குறைத்தது. 1960களின் இறுதியில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் முதலிய அமெரிக்க நிறுவனங்கள் வந்தன.

இரண்டாவது, ஆயத்தம் செய்தல். நிலம், சாலை, மின்சாரம், தொழிற்பயிற்சி ஆகியவற்றை அரசே முன்கூட்டி ஏற்பாடு செய்தது.

மூன்றாவது, இணைத்தல். 1968இல் அயல்நாட்டார் வைப்புப் பணத்தின் வட்டிக்கு வரியை நீக்கி ஆசிய டாலர் சந்தைக்கு வழி திறந்தது. அமெரிக்க மேற்குக்கரை வங்கிகள் மூடியபின், ஐரோப்பிய வங்கிகள் திறக்குமுன் உள்ள பொழுது சிங்கப்பூருக்கு வாய்ப்பாயிற்று. 1972இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. அங்குத் தொடங்கிய பணி வளர்ந்து, 2024இல் சிங்கப்பூர்த் துறைமுகம் கையாண்ட கொள்கலன்கள் இருபதடிக் கணக்கில் 4 கோடியே 10 இலட்சத்தைத் தாண்டின.

இவ்வளவும் விலையின்றிக் கிடைத்ததன்று. 1968ஆம் ஆண்டு வேலைச் சட்டம் முதலாளிகளின் கையை வலுப்படுத்தியது. 1985இல் பொருளியல் சுருங்கியபோது, அடுத்த ஆண்டு முதலாளிகள் செலுத்தும் சேமநிதிப் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாக வெட்டப்பட்டது. ஆலைகள் பிழைத்தன, தொழிலாளியின் முதுமைச் சேமிப்போ குறைந்தது. உலகச் சந்தையில் வீசும் காற்று முதலில் உழைப்பவன் வீட்டுக் கூரையைத்தான் அசைக்கிறது என்பதை மறத்தலாகாது.

மேலும், ஒருமுறை இட்ட முடிச்சு என்றும் நிலைப்பதன்று. 2000இல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் ஜோகூரின் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகத்திற்கு மாறியது. ஈராண்டில் எவர்கிரீன் நிறுவனமும் பின்தொடர்ந்தது. சிங்கப்பூர் சோர்ந்து உட்காரவில்லை. 2022இல் துவாசில் புதிய பெருந்துறைமுகத்தை அதிகாரபூர்வமாகத் திறந்தது. சீனாவின் சூசோவில் 1994இல் தொடங்கிய தொழிற்பேட்டை போல, பிற நாடுகளிலும் கூட்டு முயற்சிகளை மேற்கொண்டது.

2025 ஜனவரியில் ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்திற்கு இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. வலையின் இழை இப்போது நம் வாசலுக்கே வருகிறது. ஆலைகள் வரும்; ஆனால் அவற்றில் நம் பிள்ளைகள் இயந்திரம் அறிந்தவராய் நுழைவரா, மூட்டை தூக்குவோராய் நுழைவரா என்பதை ஒப்பந்தம் தீர்மானிக்காது; அவர்கள் பெறும் கல்வியும் தொழிற்பயிற்சியுமே தீர்மானிக்கும்.

அம்மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "தம்பி, அவ்வூரில் விளைந்தது ரப்பரன்று; ஏற்பாடு. அதனை உண்டாக்க அரசு வேண்டும். அதன் பயனை உன் அப்பாவைவிட நீ மிகுதியாகப் பெற வேண்டுமாயின் கைத்திறனும் கணக்கும் வேண்டும்." பெற்றோர்களும் இதனை மனத்திற் கொள்வார்களாக.