வெண்ணெயில் பெட்ரோல் வாசம்

"முன்வாசல் கஸ்டமருக்கு. நீங்க பின்பக்கமா வாங்க" என்றார் ஸ்னோமொபைல் பட்டறைப் பெரியவர். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கத்தான் டொரொண்டோவிலிருந்து வடக்கே, ஹாலிபர்ட்டன் பக்கம், பனிச்சாலையில் வழுக்கி வழுக்கிக் கார் ஓட்டி வந்திருந்தேன். வெளியே மைனஸ் 22. மூக்கு நுனி இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டிய குளிர்.

முன்பக்கம் எப்படி இருக்கும் என்று கண்ணாடி வழியே ஏற்கெனவே பார்த்துவிட்டேன். வரிசையாக அடுக்கிய ஹெல்மெட்டுகள், பனிமேல் ஓடும் மினுமினுக்கும் புது ஸ்னோமொபைல் ஒன்று, இலவசக் காபி. ஊர்க்காரர்கள் அதோடு திரும்பிவிடுவார்கள். நாம் போகப்போவது அதற்குப் பின்னால்.

கதவு திறந்தது. முகத்தில் ஓர் அறை! பெட்ரோல், ஆயில், ஈர ரப்பர், நேற்றைய காபி. அந்தக் காலத்து ஆட்டோ ஸ்டாண்ட் ஒன்றை அப்படியே மடித்து ஃப்ரீஸரில் வைத்த மாதிரி. ஒரு நொடி நான் கனடாவில் இல்லை. பங்க்கில் டி.வி.எஸ். 50க்கு டூ டி ஆயில் ஊற்ற நின்ற பையனாகிவிட்டேன். அதே டூ ஸ்ட்ரோக், அதே நீலப் புகையின் சொந்தக்காரர்கள்தான் இங்கே சறுக்குக்கட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

காலை எங்கே வைப்பது? ரப்பர் டிராக்குகள் கல்யாண மண்டபத்து ஜமக்காளம்போலச் சுருட்டிக் கிடக்கின்றன. பெல்ட்டுகள் ஆணியில் தொங்குகின்றன. கொடி கட்டிக் கையுறைகளைக் காயப்போட்டிருக்கிறார்கள். ஜோடி சேராதவை பதினொன்று எண்ணினேன். சாதாரண நாளில் வண்டிகளிலிருந்து உருகிச் சொட்டும் பனியை அரை மணிக்கு ஒருமுறை தள்ளிவிட வேண்டும். சுவரில் ஒரு பலகை, யார் யார் காபிக் காசு பாக்கி என்று. முதலில் இருப்பது பெரியவர் பெயர்.

ஆனால் அன்று கூரையில் தொங்கும் ஹீட்டரை அணைத்திருந்தார்கள். ஷட்டர் ஒரு முழம் தூக்கியே இருந்தது. "குளிருதா? நாறுற வண்டி உள்ள வந்தா ஹீட்டர் கிடையாது" என்றாள், அங்கே தொழில் பழகும் பெண். இருபது இருபத்தொரு வயது, முழங்கை வரை கறுப்பு, மூக்கில் சின்ன வளையம். பட்டறையிலேயே கெட்டிக்கார மூக்கு அவளுடையதுதான் என்று பெரியவர் அறிமுகம் செய்தார். மூக்குத்திக்காரி என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன்.

ஹீட்டர் இல்லாததற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் மைனஸ் 40க்குப் பக்கத்தில்கூடத் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு தரையாகப் படர்ந்து ஒரு பொறியைத் தேடும். அதனால் இங்கே கசிவை மோப்பம் பிடிப்பவர்கள் நின்றுகொண்டு பிடிப்பதில்லை. மண்டியிட்டு, கன்னம் சிமென்டில் பட, பிள்ளையார் கோயிலில் விழுந்து கும்பிடுகிற மாதிரி பிடிக்கிறார்கள்.

அன்றைய நோயாளி ஒரு கறுப்பு வண்டி. தொண்ணூறுகளின் கடைசியில் பிறந்தது, இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். ஹேண்டில்பாரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "ஓடும்போது ஒன்றுமில்லை. நின்றால் நாறுகிறது."

எழுதியவர் ஊரில் ஒரு பாட்டி. அவர் வீட்டு சமையலறைக்கும் கராஜுக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. பாட்டியின் பட்டர் டார்ட் இந்த வட்டாரத்தில் பிரபலம்: மைதாக் கிண்ணத்துக்குள் வெண்ணெயும் சர்க்கரையும் முட்டையும் சேர்ந்து பாகாகக் குழைந்த பலகாரம். போன மாதம் பேத்தி ஒன்றைக் கடித்துவிட்டு, "பாட்டி, இது பெட்ரோல் பங்க் மாதிரி இருக்கு" என்றிருக்கிறாள். மறுநாளே வண்டி டிரெய்லரில் ஏறிவிட்டது.

குளிர்கால வீடு ஒரு புகைபோக்கி என்கிறார் பெரியவர். சூடான காற்று மாடி வழியே மேலேறித் தப்பிக்கும். அந்த இடத்தை நிரப்பக் கீழே கராஜிலிருந்து காற்றை உறிஞ்சும். வண்டியின் ஆவியும் கூடவே சமையலறைக்கு வரும். வெண்ணெயோ பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் வாங்கிக்கொள்ளும். "பாட்டியோட வெண்ணெய்தான் இந்த ஊர்லயே நல்ல கருவி" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அதை அவர் வெறும் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. பட்டறைக்குப் பின்னால் காலி ஷெட் ஒன்று இருக்கிறது. முந்தைய நாள் இரவு இந்த வண்டியை மட்டும் அங்கே நிறுத்தி, தார்ப்பாய் போர்த்தி, இருக்கைமேல் ஒரு கிண்ணம் வெண்ணெய் வைத்திருக்கிறார்கள்! "கிண்ணம் 1" என்று டேப் ஒட்டி என்னிடம் நீட்டினாள் மூக்குத்திக்காரி. முகர்ந்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து இருவரும் கைதட்டினார்கள்.

இனிதான் விருந்தே. இவர்களுக்கு "நாற்றம்" என்று ஒன்று கிடையாது; பல உண்டு. புது பெட்ரோல் மூக்கைக் குத்தும். மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் மாதிரி. கூலன்ட் கசிந்தால் தித்திப்பாகச் சர்க்கரைப் பாகு. செயின்கேஸ் ஆயில், கந்தகம் கலந்த ஒரு முறைப்பு. அவள் ஒவ்வொன்றுக்கும் கையை ஆட்டி ஆட்டி உவமை தேடினாள். எனக்கோ உள்ளூர ஒரே பெருமை. நம்மிடம்தான் சொல் கொட்டிக் கிடக்கிறதே! பெட்ரோலுக்கு நெடி, பழைய ஆயிலுக்குச் சிக்கு வாடை என்று சொல்லிக்கொடுத்தேன். "நெ...டி?" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். பிடித்துவிட்டது. உடனே காபிப் பாக்கிப் பலகையின் ஓரத்தில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டாள்.

ஐந்து நிமிடம் ஆனது. எனக்கு எந்த நெடியும் தெரியவில்லை. "அவ்வளவுதான், உங்க மூக்கு தூங்கிடுச்சு" என்று என்னை வெளியே துரத்தினார்கள். எல்லோருக்கும் அப்படித்தானாம், ஒரே வாசனைக்குள் நின்றால் மூக்கு சீக்கிரம் கைவிட்டுவிடும். ஆபத்தும் அதுதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூவரும் ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியேறி, பனியில் நின்று மூச்சை இழுத்துவிட்டுத் திரும்பினோம். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார். விளக்கம் சொல்ல யாரும் முயலவில்லை.

மோப்பம் திசை காட்டும், விலாசம் தராது. விலாசத்துக்குச் சமையலறை பேப்பர் இருக்கிறது. எஞ்சினுக்கு அடியில் தொட்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் அடித்தட்டு. அதைத் துடைத்துவிட்டு வெள்ளைத் தாளை விரித்தாள். மேலே நேராக எது இருக்கிறதோ அதன் பெயரை மார்க்கரால் தாளில் எழுதினாள்: இடது கார்புரேட்டர், வலது, ஆயில் பம்ப், செயின்கேஸ். இனி ஒரு மணி நேரம் யாரும் வண்டியைத் தொடக் கூடாது.

அந்த ஒரு மணி நேரத்தில் பெரியவர் சுவரில் தொங்கும் மங்கிய படத்தைக் காட்டினார். 1959இல் வந்த முதல் ஸ்கி-டூ ஸ்னோமொபைல். க்யூபெக்கின் வால்கூர் ஊரில் ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே என்ற மெக்கானிக் செய்தது. "ஸ்கி-டாக்" என்று வைக்க நினைத்த பெயர் அச்சில் ஓர் எழுத்து மாறி இப்படியானதாக ஒரு கதை உண்டு. அதைச் சிரித்துக்கொண்டே சொன்னவர், அடுத்ததைச் சிரிக்காமல் சொன்னார். 1934 குளிர்காலத்தில் அந்த மனிதரின் இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் நோய். வழியெல்லாம் பனி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. பிள்ளை போய்விட்டது. பனிமேல் ஓடும் வண்டிக்காக அவர் ஏற்கெனவே மெனக்கெட்டுக்கொண்டிருந்தார். அதன்பிறகு விடவே இல்லை. பெரியவர் படத்தின் தூசியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, "தாளைப் பாரு" என்றார்.

தாளில் இரண்டு கறைகள்! இடது கார்புரேட்டருக்கு அடியில் ஒன்று: ஓரம் மட்டும் கோடாக, நடுவே காய்ந்து, காபிக் கோப்பை வைத்த தடம்போல. அது பெட்ரோல், வந்த சுவடு தெரியாமல் ஆவியாகிவிடும் ஆசாமி. இன்னொன்று ஆயில் பம்ப் பக்கம், மெதுவாகப் பரவும் நீலம். டூ டி ஆயிலில் பலவற்றுக்குச் சாயம் போட்டிருப்பார்கள். இந்த வண்டியில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டியதில்லை. ஆயிலுக்குத் தனித் தொட்டி, பம்ப் தேவைக்கு அளந்து கொடுக்கும். அதனால் கசிய இடமும் இரண்டு.

கார்புரேட்டர் கழன்றது. சட்டை வழியே பெட்ரோல் முழங்கைக்கு இறங்க, அந்தக் குளிரில் அவள் போட்ட கூச்சலை எழுத முடியாது. உள்ளிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு சின்ன ஊசி, நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது. மிதவை மேலே எழும்போது இந்த ஊசிதான் பெட்ரோல் வரும் துளையை அடைக்கும். நம் வீட்டு ஃப்ளஷ் டாங்க் சூத்திரம். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கூம்பின் கழுத்தில் மோதிரம் போட்டாற்போல ஒரு தேய்மானம். இத்தனை வருடம் எழுந்து அடைத்து எழுந்து அடைத்து வந்த தழும்பு. அந்த மயிரிழை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியதுதான் பாட்டியின் அடுப்படி வரை போயிருக்கிறது. ஓடும்போது எஞ்சின் அதைக் குடித்துவிடும். நின்றால்தான் வழியும். சீட்டில் பாட்டி எழுதியது எவ்வளவு சரி!

பெரியவர் ஆயில் குழாயை வளைத்தார். முருங்கைக்காய் மாதிரி முறிந்தது. இங்கே பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பருக்கு ஆகாது என்பதால், கையோடு பெட்ரோல் குழாய்களையும் வளைத்துப் பார்த்தார். அவையும் விறைத்துத்தான் இருந்தன. எல்லாம் புதிதாக வெட்டிப் போட்டார்கள்.

முடிந்தது என்று நான் கைதட்டப் போனேன். மூக்குத்திக்காரி கையை உயர்த்தித் தடுத்தாள். மண்டியிட்டாள். முகர்ந்தாள். "சிக்கு!" என்றாள், நான் கற்றுக்கொடுத்த அதே சொல்லை.

அடித்தட்டில் சத்தம் குறைக்க ஒட்டியிருந்த ஸ்பாஞ்சைப் பிய்த்து இழுத்தாள். எனக்குத் தலை சுற்றியது. எத்தனை வருடத்து ஆயிலோ! குலாப் ஜாமூன் ஜீராவில் ஊறியதுபோல ஊறிக் கிடந்தது. அதற்குள் எலி வளை ஒன்று; வளைக்குள் சூரியகாந்தி விதைகள், நாய் பிஸ்கட் ஒன்றேகால், காணாமல் போன கையுறையின் கட்டைவிரல். கசிவை அடைத்துவிட்டு ஸ்பாஞ்சை விட்டிருந்தால் அடுத்த மாதமும் பாட்டி வந்திருப்பார். கசிவை அடைக்க ஒரு மணி நேரம். இந்த அடித்தட்டைப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்க்க மூன்று மணி நேரம். ஆமாம், எனக்கும் ஒரு பிரஷ் கொடுத்தார்கள். நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது.

அன்றிரவு வண்டி மறுபடியும் ஷெட்டுக்கு. தார்ப்பாய். கிண்ணம் 2. எனக்குத் தூக்கமே வரவில்லை என்றால் நம்புவீர்களா? ஒரு கிண்ணம் வெண்ணெய்க்காக!

காலையில் பாட்டி எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார், கையில் ஒரு தகர டப்பாவோடு. பெரியவர் முதலில் பாட்டிக்குப் பாடம் எடுத்தார். வெளியே கடுங்குளிரில் டாங்கை விளிம்பு வரை நிரப்பி, சூடான கராஜில் நிறுத்தினால் பெட்ரோல் விரியும். 30 டிகிரி ஏறினால் 40 லிட்டரில் ஒரு லிட்டருக்கு மேல் கூடும், மூச்சுக் குழாய் வழியே வெளியே வந்துதானே ஆக வேண்டும்? கொஞ்சம் இடம் விட்டு நிரப்புங்கள், முடிந்தால் தனி ஷெட்டில் நிறுத்துங்கள். பாட்டி தலையாட்டினார். காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கண் கிண்ணத்தில் இருந்தது.

மூக்குத்திக்காரி முதலில் பனியில் நின்று மூக்கை எழுப்பிக்கொண்டாள். பிறகு கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாள். பட்டறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"நெடி இல்லே!" என்றாள். "சிக்கு இல்லே!"

எனக்கு அதுதான் விருது. பாட்டி வாங்கி முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார், பெரியவரை ஒரு பார்வை பார்த்தார். டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு டார்ட் கொடுத்தார். பாகு என் தாடியில் ஒழுகியது. துடைத்த விரலில் டூ டி ஆயில் மணத்தது. கவலைப்படாமல் இரண்டாவதும் கேட்டேன்.

"இந்த வெண்ணெய் எதுக்கு வீணாகணும்?" என்ற பாட்டி, கிண்ணம் 2ஐ மூடிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியை ஏற்றச் சொன்னார். பெரியவரும் மூக்குத்திக்காரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வாரமும் டப்பா வருமாம்.