மழை பொய்த்த ஆண்டிலும் வளர்ந்த பிள்ளைகள்

மழை பொய்த்த ஆண்டில் சிறு விவசாயியின் வீட்டில் முதலில் சந்தைக்குப் போவது ஆடு. அடுத்து கறவை மாடு. மூன்றாவதாக ஒன்று குறைகிறது; அது வெளியாருக்குத் தெரிவதில்லை. பருப்புக் குழம்பு ரசமாகிறது. மோர் வெறும் நீராகிறது. இரு வேளை உலை வைத்த வீட்டில் ஒரு வேளை அடுப்பு எரிகிறது. பெரியவர்கள் இதைத் தாங்கிக் கொள்வார்கள். அடுத்த போகம் நன்றாக விளைந்தால் அவர்கள் உடம்பு தேறி விடும். ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தைக்கு அப்படியில்லை.

கன்று வளர்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பால் மறக்கும் முன்னரே வயிறு காய்ந்த கன்று, பின்னர் எத்தனை கட்டு பசும்புல் போட்டாலும் நோஞ்சானாகவே நிற்கும். பருவத்துக்கு வருவதும் தாமதமாகும். மனிதக் குழந்தைக்கும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் ஏற்படும் பின்னடைவு எளிதில் சரியாவதில்லை என்பதே மருத்துவ அறிஞர்களின் கருத்து. எளிதில் சரியாகாது என்றால் சரியாகவே ஆகாது என்று பொருளா? இந்தக் கேள்விக்கு ஆந்திரத்து மானாவாரிக் கிராமங்களிலிருந்து ஒரு விடை கிடைத்திருக்கிறது.

அனந்தப்பூரில் கண்டது

அனந்தப்பூர் மாவட்டம் நிலக்கடலைக்குப் பெயர் பெற்றது. அதைவிட வறட்சிக்கு அதிகம் பெயர் பெற்றது. 2002-ம் ஆண்டில் தென்மேற்குப் பருவ மழை நாடு முழுவதும் வழக்கத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதே ஆண்டில்தான் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், அன்று ஒன்றாயிருந்த ஆந்திர மாநிலத்தில் அனந்தப்பூர், மகபூப்நகர் உள்ளிட்ட சில மாவட்டங்களில் ஏறத்தாழ 2,000 கைக்குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் அளந்து குறித்துக் கொண்டார்கள். 2006, 2007-ம் ஆண்டுகளில் அதே பிள்ளைகளைத் தேடிச் சென்று மீண்டும் அளந்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது ஐந்து, ஆறு. சிலர் பள்ளியில் சேர்ந்திருந்தனர், சிலர் சேரவில்லை.

இடையில் 2003-ம் ஆண்டில் ஆந்திர மாநிலப் பள்ளிகளில் மதியம் சமைத்த உணவு போடத் தொடங்கியிருந்தார்கள். 2001-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட் பிறப்பித்த உத்தரவே அதற்குக் காரணம். அதுவரை பல மாநிலங்கள் மாதம் 3 கிலோ தானியத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பி வந்தன. தானியம் வீட்டுக்குப் போனால் அது வீட்டார் எல்லோருக்கும் பங்காகும். சமைத்த சோறுதான் பிள்ளையின் வயிற்றுக்குப் போகும்.

2014-ம் ஆண்டில் வெளியான இந்த ஆய்வின் முடிவு இதுதான். வறட்சியால் அடிபட்ட குடும்பத்துப் பிள்ளைகளில் பள்ளிச் சாப்பாடு கிடைக்காதவர்கள் உயரத்திலும் எடையிலும் பின் தங்கியிருந்தார்கள். பள்ளியில் சாப்பிட்டவர்களிடம் அந்தப் பின்னடைவு பெரும்பாலும் ஈடு செய்யப்பட்டிருந்தது. இத்தனைக்கும் அவர்கள் பள்ளிக்கு வரத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை.

ஒரு தட்டுச் சோற்றுக்கு இவ்வளவு சக்தியா என்று கேட்கலாம். மத்திய அரசு வகுத்துள்ள அளவுப்படி, தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு அரிசி அல்லது கோதுமை 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம். இதிலிருந்து 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்கும். அந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் தேவைப்படும் கலோரியில் இது நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஆகும். பெரிய விருந்தில்லை. ஆனால் ஏரி நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும், கடலை விலை ஏறினாலும் இறங்கினாலும், பள்ளி நடக்கும் நாளெல்லாம் அது தட்டில் விழுகிறது. கிணற்றில் நீர் வற்றிய நாளில் ஒரு மடைத் தண்ணீர் பாய்ச்சினால் பயிர் எப்படிப் பிழைத்துக் கொள்கிறதோ, அப்படிப்பட்ட உதவி இது.

பள்ளியில் சாப்பிடுகிறானே என்று வீட்டில் குறைத்து விடுவார்களோ என்றும் ஒரு சந்தேகம் நீண்ட நாளாக இருந்தது. மத்தியப் பிரதேசக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 2010-ம் ஆண்டில் வெளியாயிற்று. பள்ளியில் கொடுக்கும் சத்தில் பெரும் பகுதி பிள்ளையின் அன்றாட உணவோடு கூடுதலாகவே சேர்கிறது என்று அது காட்டியது. நம் தாய்மார்களை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

ஓரணாவில் தொடங்கிய ஏற்பாடு

இந்த வழியில் தமிழகம் முன்னோடி. 1920-ம் ஆண்டில் சர் பிட்டி தியாகராயச் செட்டியார் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் நிறைவேறியது. 1956-ம் ஆண்டில் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். மாடு மேய்த்த சிறுவனை அவர் கேட்டதாகச் சொல்லப்படும் கதை எல்லோருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் மக்கள் தானியம் கொடுத்தே பல இடங்களில் அடுப்பு எரிந்தது என்பதைத்தான் நினைவில் வைக்க வேண்டும். 1982-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் மு.க.ஸ்டாலின் காலைச் சிற்றுண்டியைத் தொடங்கினார். ஆட்சிகள் மாறின, அடுப்பு அணையவில்லை.

காலைச் சிற்றுண்டி கிராமத்துக்கு மிகவும் தேவையானது. நடவு, களை, அறுவடை நாட்களில் தாய் விடியுமுன் வயலுக்குப் போய் விடுகிறாள். பழைய சோறு மிஞ்சியிருந்தால் பிள்ளை சாப்பிடும். இல்லாவிட்டால் ஒரு டம்ளர் தேநீரோடு பள்ளிக்கு ஓடும். முதல் மணி அடித்துப் பகல் உணவு வரும் வரை அந்த வயிற்றோடுதான் கணக்குப் போட வேண்டும்.

ஜமைக்கா தீவின் கிராமப் பள்ளிகள் பதினாறில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 1998-ம் ஆண்டில் அதன் முடிவு வெளியாயிற்று. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆண்டு முழுவதும் காலை உணவு. மறு பகுதிக்கு ஆரஞ்சுப் பழத்தில் கால் பங்கு மட்டும். உணவு உண்டவர்களின் உயரமும் எடையும் சற்றுக் கூடின, வருகை உயர்ந்தது, சிறு வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள். முன்னேற்றம் மிகப் பெரிதல்ல, ஆனால் உண்மையானது.

படிப்பில் ஏறும் மதிப்பெண்

நம் நாட்டு மதிய உணவைப் பற்றி 2019-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இன்னும் தெளிவானது. ஐந்து ஆண்டு வரை பள்ளியில் உணவு கிடைத்த பிள்ளைகள், ஓராண்டுக்கும் குறைவாகக் கிடைத்தவர்களைவிட வாசிப்புத் தேர்வில் 18 சத விகிதம், கணக்கில் 9 சத விகிதம் அதிக மதிப்பெண் பெற்றிருந்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஆண்டுக் கணக்கு. பத்து நாள் சாப்பிட்டதும் பாடம் ஏறி விடாது. தொழுவுரம் இட்ட வயலைப் போல இது மெல்ல மெல்லத்தான் பலன் தரும். சோறு மட்டும் பாடம் நடத்தாது என்பதும் உண்மை. ஆசிரியர் வராத பள்ளியில் சாப்பாட்டுத் தட்டால் மட்டும் எழுத்து தெரிந்து விடாது.

தாயாரைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. சிறு வயதில் பள்ளியில் உணவு உண்ட பெண்கள் பிற்காலத்தில் பெற்ற குழந்தைகள், வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்ததாக 2021-ம் ஆண்டில் வெளியான இந்திய ஆய்வு ஒன்று தெரிவித்தது. அந்தப் பெண்கள் கூடுதல் ஆண்டுகள் படித்தார்கள், சற்றுத் தாமதமாகத் தாயானார்கள், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியை நாடினார்கள். பெண் பிள்ளையை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திக் களை எடுக்க அனுப்பும் வீட்டார் இதை யோசிக்க வேண்டும். அவளுக்குக் கிடைக்காமல் போகும் சோறு, அவள் வயிற்றுப் பேரக் குழந்தைக்கும் கிடைக்காமல் போகிற சோறு.

மக்காச்சோளம் முட்டையாகிறது

தமிழகத்துச் சத்துணவில் முட்டை 1989-ம் ஆண்டில் இரு வாரத்துக்கு ஒன்றாக நுழைந்தது. படிப்படியாக ஏறி 2010-ம் ஆண்டில் வாரம் ஐந்து ஆயிற்று. முட்டை உண்ணாதவர்களுக்கு வாழைப்பழம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. அரிசி, பருப்புப் புரதத்தில் குறையும் சத்துகளை அது நிரப்புகிறது. கென்யாவில் எம்பு மாவட்டப் பள்ளிகளில் மக்காச்சோளமும் பயறும் சேர்ந்த உணவோடு சிலருக்கு இறைச்சி, சிலருக்குப் பால், சிலருக்கு எண்ணெய் மட்டும் கூட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். இறைச்சி சேர்த்துண்ட பிள்ளைகள் அறிவுத் திறன் சோதனையில் முன் நின்றார்கள்.

முட்டை நாமக்கல் பண்ணைகளிலிருந்து வருகிறது. கோழித் தீவனத்தில் பெரும் பகுதி மக்காச்சோளம். பெரம்பலூர் மானாவாரி நிலத்தில் விளையும் கதிர் இப்படிச் சுற்றி, விளைவித்தவரின் பிள்ளையின் தட்டுக்கே வந்து சேரக் கூடும். பிரேசில் நாட்டில் இந்தச் சுற்றைச் சட்டமாகவே ஆக்கினார்கள். மத்திய அரசு பள்ளி உணவுக்குத் தரும் பணத்தில் குறைந்தது 30 சத விகிதத்தைக் குடும்ப விவசாயிகளிடமிருந்தே வாங்கும் பொருளுக்குச் செலவிட வேண்டும் என்று 2009-ம் ஆண்டில் அங்கே விதித்தார்கள். நம் ஊர்க் கத்தரியும் முருங்கையும் பக்கத்துப் பள்ளிக்குப் போக இத்தகைய உறுதியான வழி இங்கும் இருந்தால் நல்லது.

பள்ளிச் சோறு தீர்க்காத குறை

எல்லாவற்றையும் பள்ளிச் சோறு தீர்க்காது. இரத்த சோகை அதில் முதன்மையானது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு இரத்த சோகை இருந்தது. சோகை பிடித்த பிள்ளை சோம்பேறியல்ல. மூளைக்குப் போதிய பிராண வாயு கொண்டு செல்ல இரத்தத்தில் வலுவில்லை. அவனை அடித்துப் பயனில்லை.

வேலியோர முருங்கைக் கீரையை வாரம் இரண்டு, மூன்று முறை சமைத்துப் போடலாம். சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஏதேனும் ஒன்று இருந்தால் கீரையின் இரும்புச் சத்து உடம்பில் நன்கு சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது தடைப்படும். ஒரு மணி நேரமாவது கழிய வேண்டும். கேழ்வரகுக் கூழை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்க வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்குக் குறையாது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே.

வயிற்றில் புழு இருந்தால் எவ்வளவு போட்டாலும் பிள்ளைக்குச் சேராது. வரப்பிலும் தோப்பிலும் மலம் கழிக்கும் ஊர்களில் கொக்கிப் புழு மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே ஏறி, குடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் ஆண்டுக்கு இரு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு மாத்திரை தருகிறார்கள். அன்றைக்குப் பிள்ளையை ஆடு மேய்க்க நிறுத்தி வைக்கக் கூடாது.

மருந்து டப்பா

2013-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி பீகார் மாநிலம் சரண் மாவட்டம் கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சோறும் சோயா, உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிட்டவர்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது பரிசோதனையில் தெரிய வந்தது. பருத்தி விவசாயிகள் நன்கறிந்த, காய்கறிக்கு அடிக்கக் கூடாதென்று தடை செய்யப்பட்டிருந்த பூச்சி மருந்து.

இந்தச் செய்தி வேறு எவரையும்விட விவசாயிகளுக்கே உரியது. மருந்து தீர்ந்த டப்பா கெட்டியாக இருக்கிறதே என்று எண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் குடிதண்ணீருக்கும் வைத்துக் கொள்ளும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் போகவில்லை. எத்தனை முறை கழுவினாலும் அதை வீட்டுக்குள் கொண்டு வரக் கூடாது. மருந்து கலக்கும் போதே டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி விட வேண்டும். பிறகு டப்பாவை ஓட்டையிட்டு, எவரும் எடுத்துப் புழங்க முடியாதபடி செய்து, கிணறு, வாய்க்கால், வீடு இவற்றுக்கு எட்டாத இடத்தில் ஆழமாகப் புதைக்க வேண்டும்.

பள்ளிக்குக் காய்கறி கொடுப்பவர்களும் மருந்தடித்த நாளைக் குறித்து வைப்பது அவசியம். டப்பாவின் மேல் அச்சிட்ட காத்திருப்பு நாட்கள் கழியும் முன் பறித்த வெண்டையையும் கத்தரியையும் சமையற்கூடத்துக்கு அனுப்பக் கூடாது. சமைத்த உணவைப் பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் உள்பட பெரியவர்கள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. உங்கள் ஊர்ப் பள்ளியில் அது நடக்கிறதா என்று, வயல் வேலை குறைந்த ஒரு நாளில் மதிய நேரத்தில் நேரே போய்ப் பார்க்கலாம்.