அடிபட்டதற்கு எடுத்த படம், அகப்பட்டது வேறு!

தோட்டத் தோழர்களே! செம்பனைக் குலை நெஞ்சில் விழுந்து, நம் தோழர் ஒருவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கிப் போனோம். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். "எலும்பு முறியலே, வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். அண்ணனும் காகிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

நான்கு மாதம் கழித்து சொக்சோ விவகாரத்துக்காக அந்தக் காகிதத்தைப் பிரித்தோம். கடைசி வரியில், நுரையீரலில் 7 மில்லிமீட்டர் முடிச்சு இருப்பதாகவும், 6 மாதத்தில் மறுபடம் வேண்டுமென்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவர்கள் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை!

பதற வேண்டாம். இத்தகைய சிறு முடிச்சுகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. பழைய காசநோய்த் தழும்பாகவும் இருக்கலாம். ஆனால், வளர்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். 6 முதல் 8 மில்லிமீட்டர் வரையுள்ள கெட்டியான முடிச்சுக்கு, 6 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் மறுபடம் எடுக்கச் சொல்கிறது 2017ஆம் ஆண்டின் ஃபிளைஷ்னர் சங்க வழிகாட்டி. புகைபிடிப்பவர்கள் அசட்டையாக இருக்கவே கூடாது.

அவசரப் பிரிவு டாக்டர் அன்றைய ஆபத்தைப் பார்ப்பவர். மறுநாள் அங்கே வேறொருவர் இருப்பார். ஆகவே, புறப்படுமுன் கேளுங்கள்: "படத்திலே வேறு ஏதாச்சும் தெரிஞ்சுதா? எப்போ, எங்கே திரும்பக் காட்டணும்?" பதிலை எழுதி வாங்குங்கள். படித்த பிள்ளையிடம் கொடுத்துக் கடைசி வரி வரை வாசிக்கச் சொல்லுங்கள்.

அண்ணனுக்கு மறுபடம் எடுத்தாயிற்று, முடிச்சு வளரவில்லை. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் அப்படியொரு காகிதம் கிடக்கிறதா? இன்றே எடுத்துப் பாருங்கள்!