காவல் நாய்க்குட்டிக்குக் கடிக்க எதைக் கொடுக்கலாம்?

ஆட்டுப்பட்டி, கோழிக்கூண்டு, தோட்டத்து மோட்டார் அறை ஆகியவற்றின் காவலுக்காக விவசாயிகள் பலர் நாய்க்குட்டி வாங்கி வளர்க்கின்றனர். இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை இதற்குப் பெயர்பெற்ற நம் நாட்டு இனங்கள். குட்டிக்குப் பாலும் சோறும் வைப்பதில் காட்டும் அக்கறையை, அது எதைக் கடித்து விளையாடுகிறது என்பதில் பலர் காட்டுவதில்லை. கண்டதை விழுங்கிக் குட்டி இறந்துவிடுவதும் உண்டு. கோழிக்குஞ்சைக் கடித்துப் பழகி, வளர்ந்தபின் காவலுக்கே உதவாமல் போவதும் உண்டு. அதிகச் செலவின்றி இரண்டையும் தவிர்க்கலாம்.

ஏன் கடிக்கிறது?

குட்டிக்கு 28 பால் பற்கள் உண்டு. ஏறத்தாழ நான்காம் மாதம் முதல் இவை விழுந்து, ஏழாம் மாதத்திற்குள் 42 நிலையான பற்கள் முளைக்கும். அப்போது ஈறு தினவெடுப்பதால் அகப்பட்டதையெல்லாம் கடிக்கும். இதை அடித்துத் திருத்த முடியாது. கடிக்கத் தகுந்த பொருளைக் கொடுப்பதே வழி. எட்டு வாரத்திற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவும் கூடாது. உடன்பிறந்த குட்டிகளுடன் விளையாடும்போதுதான் வலிக்காமல் கடிக்க அது கற்றுக்கொள்கிறது.

மூன்று சோதனைகள்

1. அளவு: பொருள் முழுவதுமாக வாய்க்குள் போகக்கூடாது. பிள்ளைகள் விளையாடும் டென்னிஸ் பந்து மூன்று மாதக் குட்டிக்குப் பெரியது. வளர்ந்த இராஜபாளையம் நாயின் தொண்டையை அதுவே அடைத்துவிடும். குட்டி வளர வளரப் பெரியதாக மாற்ற வேண்டும்.

2. கடினம்: கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் சிறிதாவது தடம் விழ வேண்டும். விழாவிட்டால் பல் உடையும். மாட்டுக்கொம்பு, லாடம் கட்டும்போது சீவிப் போடும் குளம்பு, கல் ஆகியவை ஆகா.

3. உறுதி: துண்டு துண்டாகப் பிய்ந்து வரக்கூடாது. பிய்யத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும்.

கொடுக்கத் தகுந்தவை

பழைய பருத்தித் துண்டை இறுக முறுக்கி இரண்டு மூன்று முடிச்சுகள் போட்டு, மண்பானைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தால் ஈறுக்கு இதமாக இருக்கும். கடையில் விற்கும் கெட்டி ரப்பர் பந்தும் நல்லது. பெரிய கேரட்டை முழுதாகக் கொடுக்கலாம். தென்னந்தோப்பில் உதிர்ந்த இளங்காயை உருட்டி விளையாட விடலாம். மட்டையை நாராகக் கிழிக்கத் தொடங்கினால் எடுத்துவிடவும். எதைக் கொடுத்தாலும் ஆள் பக்கத்தில் இருப்பது அவசியம்.

சிப்பிப்பாறை, கன்னி இனக் குட்டிகளுக்கு ஓடுவதைத் துரத்தும் இயல்பு அதிகம். துணிப்பொதி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்து, அதைத் துரத்தப் பழக்கினால் அந்த வேகத்திற்கு வடிகால் கிடைக்கும். நன்கு பழகும்வரை கோழிக்குஞ்சுகளிடம் தனியே விடக்கூடாது.

கொடுக்கக் கூடாதவை

மக்காச்சோளச் சக்கை, மாங்கொட்டை இரண்டும் குடலை அடைக்கும். வேகவைத்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். நைலான் கயிறு, உரச்சாக்கின் இழை ஆகியவை குடலைச் சுருக்கிப் பிடித்து அறுத்துவிடும். பூச்சிமருந்துக் காலி டப்பா, எலி மருந்து, ஆமணக்கு விதை, ஆமணக்குப் புண்ணாக்கு, அரளிக் குச்சி அனைத்தும் நஞ்சு. குட்டிக்கு எட்டாமல் வைக்கவும். செத்த கோழிக்குஞ்சை அதன் முன் எறியக்கூடாது. பழைய செருப்பும் வேண்டாம். பழையது எது, புதியது எது என்று குட்டிக்குத் தெரியாது.

இரத்தக்கழிச்சலில் குட்டி இறந்த வீட்டிலிருந்து தட்டு, சங்கிலி, பந்து எதையும் வாங்கி வராதீர்கள். பார்வோ என்னும் அந்நோயின் நச்சுயிரி பல மாதங்கள் அழியாமல் இருக்கும்.

பழக்கும் முறை

குட்டி செருப்பைக் கவ்வினால் துரத்த வேண்டாம். அதையும் விளையாட்டென்றே நினைக்கும். அதற்குரிய பொருளைக் காட்டி, செருப்பை விட்டதும் ஒரு சோற்று உருண்டை கொடுங்கள். நான்கு பொருட்கள் இருந்தால் இரண்டை மட்டும் வெளியில் வைத்து வாரம் ஒருமுறை மாற்றினால் சலிப்புத் தட்டாது. வாரந்தோறும் சோப்பிட்டுக் கழுவி வெயிலில் உலர்த்தவும். கை விரலையோ புடவைத் தலைப்பையோ கடித்து விளையாட விடக்கூடாது.

விளையாட்டாகப் பல் பட்டுக் கீறினாலும் 15 நிமிடம் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். குட்டிதானே என்று இருந்துவிடக் கூடாது. வெறிநோய் கண்டபின் உயிர் பிழைப்பது மிக அரிது. குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் குறிக்கும் நாட்களில் தொடர்ந்து போட்டுவர வேண்டும்.

குட்டி அடிக்கடி வாந்தி எடுத்து, தீனி தின்னாமல், மலம் கழிக்காமல் சோர்ந்திருந்தால் எதையோ விழுங்கியிருக்கலாம். விளக்கெண்ணெய் புகட்டாதீர்கள். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், குடல் கிழியும். தாமதிக்காமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு சென்றால் குட்டியைக் காப்பாற்ற வழியுண்டு.