பட்டப்படிப்பில் பிழைப்புப் பாடம்

வேலைக்குத் தயார்படுத்தும் பாடங்கள் கல்லூரி வகுப்பறைக்குள் வந்துவிட்டன. மாணவனை அவை கரைசேர்க்குமா என்பது பாடத்தின் பெயரைப் பொறுத்ததல்ல. பயிற்சிக்குக் கிடைக்கும் மணி நேரங்களைப் பொறுத்தது.

தெற்கு தில்லியின் ஷேக் சராய் பகுதியில் இருக்கிறது காலேஜ் ஆஃப் வொகேஷனல் ஸ்டடீஸ். தில்லிப் பல்கலைக்கழகத்தின்கீழ் 1972ல் அது தொடங்கப்பட்டபோது நோக்கம் எளிமையானது: பி.ஏ. பட்டம் வாங்குபவர் கூடவே ஒரு வேலையையும் கற்றுக்கொண்டு வெளியேற வேண்டும். அலுவலக நிர்வாகமும் செயலர் பணியும், சுற்றுலா, காப்பீடு என்று அங்கே பி.ஏ. பாடங்கள் உண்டு. நாட்டின் பெரும்பாலான கலைக் கல்லூரிகள் அந்த வழியில் போகவில்லை.

அதன் விளைவு இன்று புள்ளிவிவரங்களில் தெரிகிறது. மத்திய அரசின் 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் இருந்தவர்கள் 4.33 கோடி பேர். இளநிலைப் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களில் சுமார் 34 சதவீதம் பேர் கலைப் பிரிவினர். 2022-23ல் நாட்டின் ஒட்டுமொத்த வேலையின்மை 3.2 சதவீதம், பட்டதாரிகளிடையே அது 13.4 சதவீதம். வேலையில்லாமல் சும்மா இருக்க ஏழைக்கு வசதியில்லை, கிடைத்ததைச் செய்கிறார். பட்டம் வாங்கியவர் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புக்குக் கடன் வாங்குவது பெரும்பாலும் அப்பாதான்.

இதைத் தீர்க்க பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1986 கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக 1994-95ல் பட்டப்படிப்பிலேயே தொழிற்பாடங்களைச் சேர்க்கும் திட்டம் வந்தது. அலுவலக நிர்வாகம், வரி நடைமுறை, விளம்பரம், கம்ப்யூட்டர் பயன்பாடு எல்லாம் பட்டியலில் இருந்தன. 2014ல் பி.வொக். என்ற தனிப் பட்டமே வந்தது. 2019ல் புதிய மாணவர்களைக் கல்லூரிக்குப் பழக்கும் தீக்ஷாரம்ப், பேச்சுத் திறன் முதல் இன்டர்வியூ வரை சொல்லித்தரும் ஜீவன் கௌஷல் ஆகிய இரண்டும் அறிமுகமாயின. திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும், முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் 19 முதல் 24 வயது வரையிலான உழைப்பாளிகளில் 5 சதவீதத்துக்கும் குறைவு என்ற பழைய மதிப்பீட்டை 2020 கல்விக் கொள்கையும் மேற்கோள் காட்ட நேர்ந்தது.

கோளாறு எங்கே? கிரெடிட் கணக்கைப் பார்த்தால் புரியும். 2022 டிசம்பரில் யு.ஜி.சி. வெளியிட்ட பாடத்திட்ட வரைவின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட்கள். அதில் திறன் வளர்ப்புப் பாடங்களுக்கு 9, கோடைக்காலப் பயிற்சி வேலைக்கு 2 முதல் 4. பி.வொக். பட்டத்திலோ 60 சதவீதம் திறன் பாடங்கள், 40 சதவீதம் பொதுக் கல்வி. சாதாரண பி.ஏ. மாணவருக்குக் கிடைப்பது ஊறுகாய் அளவுதான்.

அந்த ஊறுகாயாவது இலைக்கு வர வேண்டும். செய்முறையில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரம். 60 மாணவர்களுக்கு 20 கம்ப்யூட்டர் என்றால் ஒவ்வொருவர் கையும் விசைப்பலகையைத் தொடுவது 10 மணி நேரம். அதையும் கரும்பலகையில் நடத்திவிட்டால் மிஞ்சுவது மதிப்பெண் மட்டுமே.

வேகமாக மாறும் வணிகத் தொழில்நுட்பம் இன்னொரு சிக்கல். தட்டச்சும் சுருக்கெழுத்தும் ஆண்டாண்டு காலம் சோறு போட்டன. இன்றைய அலுவலகப் பாடங்களின் ஆயுள் அவ்வளவு நீளமில்லை. 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, முந்தைய ஆண்டு விற்பனை வரிப் படிவங்களை மனப்பாடம் செய்தவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஒரு பில்லைப் பார்த்ததும் எது வரவு, எது செலவு, வரி எதன்மேல் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு அத்தனை சிரமமில்லை. படிவம் மாறும், கணக்கின் அடிப்படை மாறாது. இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தருவதே நல்ல பாடத்திட்டம்.

இதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. 1995ல் புதுச்சேரியிலும் 1996ல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கின. இயேசு சபைப் பாதிரியார் சேவியர் அல்போன்ஸ் இந்த இயக்கத்தை மற்ற மாநிலங்களுக்கும் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்கும் கதவு திறந்த கல்லூரிகள் அவை. தன்னம்பிக்கையும் பேச்சும் அங்கே தனிச் சொற்பொழிவுகளாக நிற்கவில்லை. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், உள்ளூர் நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி மூன்றும் ஒரே படிப்பின் பகுதிகள். என்ன கற்பிப்பது என்று வேலை கொடுப்பவர்களிடமும் கேட்டார்கள்.

பெரிய கல்லூரிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கூச்சம் போவது, கூச்சப்படாதே என்று மேடையிலிருந்து சொல்வதால் அல்ல. ஓர் அலுவலகத்தில் இரண்டு மாதம் உட்கார்ந்து, போனை எடுத்துப் பேசி, தவறாகப் போட்ட பதிவைத் திருத்தி, வாரக் கடைசியில் கணக்கை நேர்செய்யும்போது அது தானாகப் போகும்.

இப்போது பணயம் கூடியிருக்கிறது. 2022 விதிகளின்படி முதல் ஆண்டில் 40 கிரெடிட்டுடன், 4 கிரெடிட் தொழிற்பாடம் ஒன்றையும் முடித்தவர் சான்றிதழோடு வெளியேறலாம்; மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதாலோ, கல்யாணம் நிச்சயமானதாலோ படிப்பை நிறுத்தும் பெண்ணுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அந்தச் சான்றிதழை ஒரு ஆடிட்டரோ கடை முதலாளியோ மதித்தால்தான் அது வாசல். இல்லாவிட்டால் பாதியில் நின்ற படிப்புக்கு ஒரு கௌரவமான பெயர், அவ்வளவே. முழுமையான பி.வொக். பட்டத்தையே மற்றப் பட்டங்களுக்குச் சமமாகக் கருதும்படி யு.ஜி.சி. கடிதம் எழுத வேண்டியிருந்தது என்றால், ஓராண்டுச் சான்றிதழின் நிலையை ஊகிக்கலாம்.

இந்த மதிப்பை அரசாணையால் மட்டும் உண்டாக்க முடியாது. அந்தந்த ஊர்க் கல்லூரியும் அந்தந்த ஊர்த் தொழிலும்தான் உண்டாக்க வேண்டும். அதுவரை, சேர்க்கைக்கு வரிசையில் நிற்கும் மாணவர்களும் பெற்றோரும் நான்கு கேள்விகள் கேட்டுவிட்டுப் பணம் கட்டலாம். கம்ப்யூட்டர் முன்னால் ஒருவருக்கு எத்தனை மணி நேரம்? பயிற்சி வேலை எந்த நிறுவனத்தில், எத்தனை நாள்? சொல்லித்தருபவர் அந்த வேலையைச் செய்தவரா? போன ஆண்டு முடித்தவர்களை யார் வேலைக்கு எடுத்தார்கள்? நான்குக்கும் பதில் சொல்லும் கல்லூரியில் பாடத்தின் பெயர் எதுவானாலும் பரவாயில்லை.