மாரியில் ஒரு தண்ணீர், கோடையில் ஒரு தண்ணீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில்தான் நீரைக் காணும். குடிக்கவும் குளிக்கவும், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கவும் பெரும்பாலும் கிணற்றையே நம்பியிருக்கிறார்கள். அந்தக் கிணற்று நீரின் குணமோ மாதத்துக்கு மாதம் மாறுகிறது.

செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணக்கல் கிடக்கிறது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை அதற்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் நன்னீராய்த் தங்குகிறது. புத்தூருக்கு அருகே நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை அது இறங்கியிருக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. கோடையில் மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், காலப்போக்கில் உப்பு 40 அடி மேலேறக்கூடும். கரையோரக் கிணறுகள் கோடை முற்றியதும் உவர்ப்பது இப்படித்தான்.

உவர்ப்பை நாக்கு சொல்லிவிடும். சுண்ணக்கல் கரைந்து வந்த கடினத்தன்மையை, கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவு காட்டிவிடும்.

மாரி கொண்டுவரும் கேட்டுக்கு இப்படி எந்த அடையாளமும் இல்லை. மழை உப்பை நீர்த்துப்போகச் செய்கிறது, தண்ணீர் இனிக்கிறது. அதே மழைதான் தோட்டத்து யூரியாவும் எருவும் மண்ணில் விட்டுவைத்த நைத்திரேற்றைக் கழுவி இறக்குகிறது. மலசலகூடக் குழிகளின் கசிவையும் கிருமிகளையும் சேர்த்துக்கொள்கிறது. மணல்போல் வடிகட்டும் வேலையைச் சுண்ணக்கல் வெடிப்புகள் செய்வதில்லை. ஆகவே கிணறு நிறைந்து, தண்ணீர் ருசிக்கும் நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கடினத்தன்மையும் ஓரளவு குறையும். நைத்திரேற்று மட்டும் போகாது. நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அதற்கு வைத்துள்ள வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழக்கலாம். உடல் நீலம் பாரிக்கும்.

கோடையில் ஒருமுறை பரிசோதித்து வாங்கிய அறிக்கை மாரிக்குப் பொருந்தாது. கோடை முடிவிலும், மழை பெய்து கிணறு ஊறிய பிறகும் என இருமுறை பார்க்கவேண்டும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டாவதைத் தவறவிடக் கூடாது.