அரிசியா, துட்டா? – நுகர்வோர் ஆய்வும் கணினியின் சாட்சியமும்

1

'நுகர்வோர் நடத்தை' என்றொரு ஆய்வுத்துறை பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. நம் வட்டாரத்தில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு வகையான பதில்கள் வரும். சோப்பு விற்கிறவனுக்குச் சேவகம் செய்கிற படிப்பு, நமக்கெதுக்கு அது என்பது ஒன்று. நுகர்வுக் கலாச்சாரம், உலகமயமாதல் என்று நாலு வார்த்தையில் கண்டித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவது இன்னொன்று. இரண்டிலும் ஒரு சௌகரியம் உண்டு. அந்த ஆய்வு எந்தக் கருவிகளைக் கொண்டு நடக்கிறது, யாரைக் கேள்வி கேட்கிறது, யாருடைய பதிலை எழுதிக்கொள்கிறது என்பதையெல்லாம் படித்துப் பார்க்கிற தொல்லை இல்லை.

புதுச்சேரியில் இருக்கிற நமக்கு அந்தச் சௌகரியம் 2015ஆம் ஆண்டோடு முடிந்துபோனது. அந்த ஆண்டு செப்டம்பரில் இங்கே ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. குருசுக்குப்பத்தில் மீன் கூடை சுமக்கிற பெண்ணின் சிவப்பு அட்டை ஒரு பரிசோதனைக் களமாயிற்று. அதை அளந்து பார்க்கப் பொருளாதார ஆய்வாளர்களும் வந்தார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பிரதியை வாசிப்பதுதான் நம் வேலை என்றால் புள்ளிவிவர அட்டவணையும் ஒரு பிரதிதான். அதற்குள்ளும் பேசுகிறவர்கள், பேச்சு மறுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

2

ஒருவருக்கு என்ன வேண்டும் என்பதை அறிவது எப்படி? அவரையே கேட்பதுதான் எளிய வழி. ஆனால் பொருளாதார அறிஞர்கள் வாயை நம்பத் தயாராக இல்லை. மனசுக்குள் இருக்கும் திருப்தியை அளக்க முடியாது, ஆகவே அது அறிவியல் ஆகாது என்ற சங்கடம் அவர்களுக்கு இருந்தது. 1938இல் பால் சாமுவெல்சன் ஒரு வழி சொன்னார். இன்ன விலையில், இன்ன வருமானத்தில் ஒருவர் எதை எடுத்தார், கைக்கெட்டுவதாக இருந்தும் எதை விட்டார் என்று பாருங்கள். அதிலிருந்தே விருப்பம் வெளிப்பட்டுவிடும் என்றார். நம் பாஷையில் சொன்னால், வாயைக் கேட்காதே, கையைப் பார்.

கையைப் பார்ப்பதிலும் அரசியல் உண்டு என்று காட்டியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு. 1960களில் பிரான்சில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்டோரிடம் சாப்பாடு, இசை, ஓவியம், வீட்டுச் சாமான் என்று கேள்வி கேட்டுத் திரட்டிய விவரங்களை வைத்து, 'ரசனை' என்று நாம் தனிமனிதருடையதாகக் கருதுவது வர்க்கத்தால் பழக்கப்பட்டது என்று 1979இல் வெளிவந்த தன் நூலில் நிறுவினார். நுகர்வோர் ஆய்வின் அதே கருவிகள், ஆனால் வேறு கேள்வி. கருவியைக் கண்டு மிரளுகிற தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1993இல் மூன்றாவது அடி எடுத்து வைக்கப்பட்டது. கலிபோர்னியாவில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராகேஷ் அகர்வால், தோமஸ் இமியெலின்ஸ்கி, அருண் சுவாமி என்ற இருவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பெரிய கடைகளில் கணினி போட்டுத் தள்ளுகிற பில்களிலிருந்து, எந்தப் பொருளோடு எந்தப் பொருள் சேர்ந்து போகிறது என்று கண்டுபிடிக்கிற முறை அது. கணக்கு சுலபமானது. நூறு பில்லில் இருபத்தைந்தில் கருவாடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இருபத்தைந்தில் இருபதில் கத்திரிக்காயும் இருக்கிறது. கருவாடு வாங்குகிறவர் கத்திரிக்காயும் வாங்குவார் என்ற விதிக்கு நூற்றுக்கு எண்பது உறுதி. கருவாடும் கத்திரிக்காயும் சேரும் என்பதற்கு ஐபிஎம் எதற்கு, எங்க ஆயா சொல்லாதா என்று சிரிக்கலாம். ஆயாவுக்கு ஒரு தெருவின் சமையல் தெரியும். இந்த முறை லட்சக்கணக்கான பில்களில் யாரும் யோசித்திராத சேர்க்கைகளைத் தேடியெடுக்கும். ஏன் சேர்கிறது என்று அது கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அதன் பலம். இன்று கைபேசித் திரையில் 'இதையும் வாங்கலாம்' என்று வருகிற பரிந்துரைகளின் மூதாதைகளில் இதுவும் ஒன்று. இப்போது கையையும் பார்க்க வேண்டியதில்லை. பில்லைப் பார்த்தால் போதும்.

வாயிலிருந்து கைக்கு, கையிலிருந்து பில்லுக்கு. ஒவ்வொரு அடியிலும் அளவை துல்லியமாகிறது. ஒவ்வொரு அடியிலும் ஆள் கொஞ்சம் தூரமாகிப் போகிறார்.

3

குப்பத்துப் பெட்டிக்கடையிலும் ஒரு தகவல் தளம் இருக்கிறது. கடைக்காரரின் கடன் நோட்டைத்தான் சொல்கிறேன். யார் வீட்டில் எப்போது அரிசி தீரும், மீன்பிடித் தடைக்காலத்தில் எந்த வீடு எண்ணெயைக் கால் லிட்டராகக் குறைக்கும், எந்த வீட்டுக்காரர் கணக்கில் பீடி ஏறும் என்பதெல்லாம் அதில் உண்டு. அதுவும் கண்காணிப்புதான். அதில் சாதி உண்டு, வட்டி உண்டு, அவமானம் உண்டு. நோட்டைப் புனிதமாக்குகிற வேலை எனக்கில்லை.

ஆனால் அந்த நோட்டோடு சண்டை போடலாம். "செவ்வாக்கெழம நான் ஊர்லயே இல்ல, எப்படி நூறு ரூவா எழுதின?" என்று கடை வாசலில் நின்று சத்தம் போட முடியும். பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லலாம், நாலு பேர் சாட்சிக்கு வருவார்கள், கடைக்காரர் அடித்தெழுதுவார். எழுதப்பட்டவர் எழுதியதை எதிர்த்துப் பேச ஓர் இடம் இருக்கிறது. வங்கிக் கணினியின் எந்தப் பக்கத்தை எந்த வாசலில் நின்று திருப்பச் சொல்வது? இந்தக் கேள்வியோடுதான் புதுச்சேரியின் கதைக்குள் நுழைய வேண்டும்.

4

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் என்று உரிமை வகுத்தது. அரிசி கிலோ 3 ரூபாய்க்கு மிகக்கூடாது என்று விலை வைத்தது. பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட மூத்த பெண்ணே ரேஷன் அட்டைக்குக் குடும்பத் தலைவி என்றும் சொன்னது. 2015 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் தானியத்துக்குப் பதில் பணம் தரலாம் என்றன. செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தொடங்கி, 2016இல் தாத்ரா நகர் ஹவேலிக்கும் போனது. குறைந்தபட்ச ஆதரவு விலையை ஒன்றேகால் மடங்காக்கி, அதில் ரேஷன் விலையைக் கழித்தால் வருவதுதான் கிலோவுக்குரிய பணம். நம் தெருக்கடையில் அன்றைக்கு அரிசி என்ன விலை என்பது இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது.

இதன் நடைமுறையைக் கண்காணிக்கிற வேலை நிதி ஆயோக் சார்பில் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்களிடம் வந்தது. ஓராண்டுக் காலம் பல சுற்றுகளாக வீடுகளில் விசாரித்து 2017இல் அறிக்கை தந்தார்கள். அரசுப் பதிவேட்டின்படி போய்ச் சேராமல் திரும்பிய பணம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. வீடுகளில் கேட்டபோதோ, நிலைமை மேம்பட்டிருந்த கடைசிச் சுற்றிலும்கூட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் வரவேண்டிய பணம் வரவில்லை என்றார்கள்.

யார் பொய் சொல்கிறார்கள்? ஒருவரும் இல்லை. அதுதான் இதிலுள்ள விஷயம். இந்தப் பணம் கணக்கு எண்ணைத் தேடிப் போவதில்லை, ஆதார் எண்ணைத் தேடிப் போகிறது. எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கே பணம் போகும். ஒரு பெண்ணுக்கு மூன்று கணக்கு என்று வைத்துக்கொள்வோம்: சுனாமி நிவாரணத்துக்காகத் திறந்தது ஒன்று, மகளிர் குழுவுக்காக ஒன்று, 2014க்குப் பிறகு ஜன்தன் என்று ஒன்று. அவர் ஒரு பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார், பணம் இன்னொன்றில் கிடக்கிறது. குறுஞ்செய்தி பழைய கைபேசி எண்ணுக்குப் போகிறது. குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று வங்கி கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. கணினியின் அகராதியில் 'வெற்றி' என்றால் ஏதோ ஒரு கணக்கு வரவை ஏற்றுக்கொண்டது என்று பொருள். அந்தப் பெண்ணின் அகராதியில் வந்தது என்றால் கைக்கு வந்தது.

இந்தப் பட்டியல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். சிம் கார்டுக்காக விரல் வைத்தவர்களின் பெயரில் அவர்களுக்குத் தெரியாமலே பேமென்ட் வங்கிக் கணக்குகள் திறக்கப்பட்டு, சமையல் எரிவாயு மானியம் அங்கே போய் விழுந்ததாக எழுந்த புகார்களின் பேரில், 2017 டிசம்பரில் ஏர்டெல்லின் ஆதார்வழிச் சரிபார்ப்பு உரிமத்தை ஆதார் ஆணையம் நிறுத்திவைத்தது. பதிவேட்டின் பார்வையில் அந்த மானியங்களும் வெற்றிகரமாகப் போய்ச் சேர்ந்தவைதான்.

இங்கே அந்த ஆய்வுக்கு உரிய மரியாதையைத் தர வேண்டும். கையும் வேண்டாம், பில்லும் வேண்டாம், வரவு விழுந்ததா என்று மட்டும் பார் என்ற நிலையிலிருந்து, அது திரும்பிப்போய் வாயைக் கேட்டது. கேட்டதனால்தான் அந்த ஐந்தில் ஒரு பங்கு வெளியே தெரிந்தது. பதிவேட்டை மட்டும் எண்ணியிருந்தால் அவர்கள் இல்லவே இல்லை.

5

அதே ஆய்வு நமக்குச் சங்கடமான இன்னொன்றையும் சொல்கிறது. பணத்தை எடுத்து அதே அளவு தானியம் வாங்க மக்கள் முன்னைவிடக் கூடுதலாகச் செலவழித்தார்கள், கூடுதல் நேரமும் பிடித்தது. அப்படியிருந்தும் நாளாக ஆகப் பணத்தையே விரும்புகிறவர்கள் கூடினார்கள்; கடைசிச் சுற்றில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர். இதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. எங்கள் தெருவிலேயே இரண்டு பேச்சும் உண்டு. "அந்தப் புழுத்த அரிசிக்கு ரெண்டு நாளு கடைக்கு அலையறதுக்கு, துட்டக் குடுத்தா பொன்னி வாங்கித் துன்னுட்டுப் போறேன்" என்கிற குரல் ஒன்று. "அரிசி வந்தா பானைக்குப் போவும், துட்டு வந்தா சாராயக் கடைக்குப் போவும்" என்கிற குரல் இன்னொன்று. இரண்டுமே பெண்களின் குரல்கள். ஒன்றைப் போலிப் பிரக்ஞை என்று தள்ளுகிற அதிகாரத்தை நமக்கு யாரும் தரவில்லை.

ஆனால் 'விருப்பம்' என்ற சொல்லை நிறுத்திவைத்துப் பார்க்கலாம். சாமுவெல்சனின் வாதம் நிற்பதற்கு இரண்டும் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். புதுச்சேரியில் அப்படி வைக்கப்படவில்லை. ரேஷன் கடைகள் நடைமுறையில் மூடிக்கிடந்தன, கடை ஊழியர்கள் சம்பளப் பாக்கி கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். மாநில அரசின் இலவச அரிசியை அரிசியாகவே தர வேண்டும் என்று முதல்வர் நாராயணசாமியும், பணமாகத்தான் தர வேண்டும் என்று துணைநிலை ஆளுநர் கிரண் பேடியும் 2019இல் மோதிக்கொண்டது மெட்ராஸ் உயர்நீதிமன்றம் வரை போனது. அரிசியா பணமா என்பதை யார் முடிவு செய்வது என்று இரண்டு அதிகார மையங்கள் வழக்காடின. தின்கிறவர் அந்த வழக்கில் கட்சிக்காரர் இல்லை.

இடம் மாறினால் விருப்பமும் மாறுகிறது. 2017 அக்டோபரில் ஜார்கண்ட் மாநிலம் ராஞ்சியை அடுத்த நக்ரி வட்டாரத்தில் இதே போன்ற திட்டம் வந்தது. வங்கியில் பணம் எடுத்து, அதைக் கொண்டுபோய் ரேஷன் கடையில் கிலோ 32 ரூபாய்க்கு அரிசி வாங்க வேண்டும். வங்கி ஒரு பக்கம், கடை ஒரு பக்கம், நடுவில் கூலி போன நாள்கள். ழான் த்ரேஸ் உள்ளிட்டோர் நடத்திய கணக்கெடுப்பில் மிகப் பெரும்பான்மையோர் அதை எதிர்த்தார்கள். ராஞ்சிக்கு ஊர்வலம் போனார்கள். 2018 ஆகஸ்டில் திட்டம் கைவிடப்பட்டது. நக்ரி மக்களின் 'நடத்தை' வேறு, நம்முடையது வேறு என்று இதற்கு அர்த்தமில்லை. வங்கி எவ்வளவு தூரம், கடை அரிசி எந்தத் தரம், பணம் எத்தனை நாள் பிந்துகிறது என்பவையே விருப்பமாக உருவெடுக்கின்றன. புதுச்சேரி அறிக்கையை எழுதியவர்களே பின்னாளில், அரிசியா பணமா என்பதைக் குடும்பமே தேர்ந்துகொள்ள விட வேண்டும் என்று வாதிட்டார்கள்.

2024 அக்டோபரில் தீபாவளியை ஒட்டிப் புதுச்சேரியில் ரேஷன் கடைகள் இலவச அரிசியோடு மறுபடி திறக்கப்பட்டன. பணம் தோற்றது, அரிசி ஜெயித்தது என்று இதைக் கொண்டாடுவது பாதிதான் சரி. பணம் வராதவர்களின் மூடிய ஆண்டுகளுக்குக் கணக்கு யார் கொடுப்பது என்ற கேள்வி கடைத் திறப்பு விழாவில் எழுப்பப்படுகிற கேள்வி அல்ல.

6

நுகர்வோர் செயலற்ற ஜடங்கள் அல்ல, கொடுக்கப்பட்டதைத் தம் போக்கில் வளைத்துப் பயன்படுத்துகிறவர்கள் என்று மிஷேல் த செர்த்தோ 1980இல் எழுதினார். ரேஷன் அரிசியை மாவரைக்க வைத்துக்கொண்டு சோற்றுக்கு வேறு வாங்குகிற, அட்டையைக் கைமாற்றுக்கு ஈடாக வைக்கிற நம் பெண்களைப் பார்த்தால் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. ஆனால் தந்திரத்தை மட்டும் பாடிக்கொண்டிருந்தால் பதிவேட்டை எழுதுகிற உரிமையை நாம் விட்டுக்கொடுத்தவர்களாவோம்.

எழுதுகிறவர்களும் களத்தில் நிற்கிறவர்களும் செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. ஒரு நலத்திட்டம் 'நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வெற்றி' என்று செய்தி வந்தால், வெற்றி என்ற சொல்லை எந்த முனையில் நின்று வரையறுத்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். அரசு எண்ணுகிறபோதே நாமும் நம் தெருவில் இருபது வீட்டில் கேட்டு எழுதி வைக்க வேண்டும். வந்ததா, எந்தக் கணக்குக்கு, எத்தனை நடைக்குப் பிறகு, யார் கைக்கு? இதற்குக் கணினியும் வேண்டியதில்லை, பட்டமும் வேண்டியதில்லை. கூடவே, கடன் நோட்டுக்கு இருக்கிற அந்த வாசலை வங்கிப் பதிவேட்டுக்கும் கேட்க வேண்டும்: என் பணம் எந்த வங்கிக்குப் போனது என்பதை என் மொழியில், என் தெருவில், ஓர் ஆள் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும், தவறென்றால் அங்கேயே அடித்தெழுத வேண்டும். இது சலுகைக் கோரிக்கை ஆகாது. தன்னைப் பற்றி எழுதப்பட்டதை எதிர்த்துப் பேசுகிற உரிமை அது. நுகர்வோர் என்று நமக்கு இடப்பட்ட பெயருக்குள் குடிமக்களாக நுழைகிற இடமும் அதுதான்.